நான் இறங்காத ஒரு தடவை

மாவட்ட டென்னிஸ் சங்கத்தின் செயலாளர் போன மாதம் போன் செய்தார். இந்த ஆடிப் போட்டியிலிருந்து கோர்ட்டைச் சுற்றிக் கேமரா வைக்கப் போகிறார்களாம். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அதுவே சொல்லிவிடுமாம். அம்பயர் நாற்காலியில் இருப்பவர் ஸ்கோரைச் சொன்னால் போதுமாம். அதைக் கொண்டாட ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். கோமதிநாயகம் அண்ணாச்சி பதினைந்து தடவை சாம்பியன் ஆனதைப் பற்றியும், அவருக்குப் பிறகு டேனியலும் இசக்கிமுத்துவும் எட்டு வருஷமாக மல்லுக்கட்டுவதைப் பற்றியும் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும். "நல்லதா எழுதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நல்லதா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள், அம்பயர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்று எழுத வேண்டும். இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள் சொல்கிறேன், அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை. "கண்ணு தெரியுதா டீச்சர்?" என்று என்னைக் கேட்காத ஆட்டக்காரன் இந்த மாவட்டத்தில் கிடையாது. டாக்டர் கேட்டிருக்கிறார், தாசில்தார் கேட்டிருக்கிறார், எங்கள் சபைப் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவரே கேட்டிருக்கிறார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். என் பெயர் ஜெயராணி. படிப்பு, பயிற்சி, முதல் வேலை எல்லாம் எல்லோருக்கும் நடப்பது போலத்தான் எனக்கும் நடந்தது. அதை எழுதி யாருடைய நேரத்தையும் வீணாக்கப் போவதில்லை. டென்னிஸுக்கு நான் வந்தது ஆசைப்பட்டு அல்ல. போட்டி நாட்களில் பள்ளிகளிலிருந்து பி.டி. டீச்சர்களை டியூட்டிக்கு அனுப்புவார்கள். ஆண்கள் எல்லாம் நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவார்கள், எங்களுக்கு எலுமிச்சம்பழம் பிழிகிற வேலை. இரண்டு வருஷம் பிழிந்தேன். மூன்றாம் வருஷம், எனக்கும் விசில் ஊதத் தெரியும் என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். தலைமை நடுவர் ஞானமுத்து சார் அதைக் கேட்டுவிட்டார்.

ஞானமுத்து சார் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். எவ்வளவு வெயிலடித்தாலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். சட்டைப் பையில் இரண்டு பக்கமும் சீவிய பென்சில் இரண்டு இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. எலுமிச்சம்பழ வாடை கையிலிருந்து போவதற்கு முன்பே என்னைக் கோர்ட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு பந்தை எடுத்துத் தரையில் அடித்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார். மண்ணில் ஒரு தடம் தெரிந்தது. "அது போதும், மத்தத பைய படிச்சுக்கலாம்" என்றார்.

எங்கள் கோர்ட் செம்மண்ணும் சரளையும் போட்டு உருளையால் இழுத்தது. கோடுகள் சுண்ணாம்பு. விடியற்காலையில் தண்ணீர் தெளித்திருப்பதால் மேலே காய்ந்த பொடியும் அடியில் ஈரமும் இருக்கும். பந்து விழுந்தால் பொடி விலகி, முட்டை வடிவத்தில் கொஞ்சம் கறுத்த தடம் தெரியும். அதற்குத்தான் மார்க் என்று பேர். சந்தேகம் வந்தால் அம்பயர் இறங்கிப் போய் மார்க்கைப் பார்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஞானமுத்து சார் இதை எனக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார்.

பந்து விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இறங்க வேண்டும். நாற்காலிக்கு ஐந்து படி, அதைக் கால்தான் தேட வேண்டும், கண் தேடக் கூடாது. ஆட்டக்காரன் காட்டுகிற இடத்துக்குப் போகக் கூடாது, நாம் பார்த்த இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு கை தூரத்தில் நின்றுவிட வேண்டும், நம் நிழல் அதன் மேல் விழக் கூடாது. மார்க் நீண்டிருக்கிற திசையும் பந்து வந்த திசையும் ஒன்றுதானா, அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மார்க் வெளுத்திருக்கும். சுண்ணாம்பில் நூலளவு பட்டிருந்தாலும் பந்து உள்ளே. முடிவைச் சொன்ன பிறகு காலால் அதை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் வரைக்கும் அதைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளை அவரிடம் கொடுக்க வேண்டும். தாளின் அடியில் அவரே கோடு போட்டு வைத்த மூன்று கட்டங்கள் உண்டு. ஆட்டம் எவ்வளவு நேரம், மார்க் பார்க்க எத்தனை தடவை இறங்கினது, ஒழுங்குக் குறிப்பு ஏதாவது உண்டா. அவருடைய பென்சில் மேலிருந்து மெதுவாக ஊர்ந்து வந்து அந்த நடுக் கட்டத்தில் நிற்கும். இருபது தடவை இறங்கியிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றோ இரண்டோ என்றால் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார். வெயிலில் ஏறி இறங்கி முட்டி விட்டுப்போன எனக்கு அந்தப் பார்வையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இனி அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருந்தார். தினமும் விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து ஆடிவிட்டு, ஆலை திறக்கிற நேரத்துக்குத் திரும்பிப் போய்விடுவார். இடக்கை ஆட்டம். பந்தை அடிக்கிற மாதிரியே தெரியாது, தள்ளி விடுகிற மாதிரி இருக்கும். எதிராளி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், இவர் வேட்டி மடித்துக் கட்டிய மனுஷன் போலச் சாவகாசமாக நிற்பார்.

நான் நாற்காலி ஏறிய முதல் வருஷம். அண்ணாச்சிக்கும் ஒரு வக்கீலுக்கும் ஆட்டம். வக்கீல் அடித்த பந்து அண்ணாச்சி பக்கம் கோட்டை ஒட்டி விழுந்தது, நான் அவுட் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாயிண்டோடு அண்ணாச்சி செட்டை ஜெயித்தாயிற்று. ஆனால் அவர் நெட் பக்கம் வந்து நின்று, "டீச்சர், பந்து உள்ளதான் விழுந்துச்சு. பாயிண்ட அவருக்குக் குடுங்க" என்றார். அந்த செட்டை அவர் தோற்றார். வேலி ஓரம் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் பெரிய மரியாதையும் வந்தது.

அன்றிலிருந்துதான் அந்த வழக்கம் தொடங்கியது. யாரும் எழுதி வைத்த விதி அல்ல. அண்ணாச்சி பக்கம் விழுகிற பந்து வெளியே என்றால் அவர் விரலை உயர்த்துவார். விரல் உயர்ந்தால் அம்பயர் அவுட் சொல்வார், உயராவிட்டால் பந்து உள்ளே. இறங்குகிற பேச்சே கிடையாது. எல்லா அம்பயர்களும் இதைத்தான் செய்தோம். அண்ணாச்சி ஆட்டம் என்றால் டியூட்டி கேட்டு வாங்குவோம், ஏனென்றால் முட்டிக்கு வேலை இல்லை. அவர் விரல் எங்களுக்கு வேதவாக்கு. இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் அப்போது அது ரொம்ப நியாயமாகத்தான் தெரிந்தது.

இப்படியே பதினான்கு தடவை அவர் சாம்பியன் ஆனார். நடுநடுவே தோற்ற வருஷங்களும் உண்டு, ஆனால் அவரைத் தோற்கடித்தவன் யாரும் மறு வருஷம் நிலைத்ததில்லை. அதற்குள் ஞானமுத்து சார் ஓய்வு பெற்று, வேப்பமரத்தடியில் பிளாஸ்கோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர் ஆகிவிட்டார். அண்ணாச்சிக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. சர்க்கரையும் இருந்தது. போதும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசி என்பார், அடுத்த வருஷம் முதல் ஆளாகப் பேர் கொடுத்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் இந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். டேனியல் எங்கள் ஊர்ப் பையன், அப்பா பள்ளி ஆசிரியர். அளந்து பேசுவான், பேசுவதில் பாதி குத்தலாக இருக்கும். இசக்கிமுத்து ஆழ்வார்திருநகரிப் பக்கம். வாழை போடுகிற குடும்பம். பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் தானாகவே ஆடப் படித்தவன். அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சிதான் கிளப்பில் பேசி அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார், தன்னுடைய மட்டை ஒன்றையும் கொடுத்தார். இவன்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றால் ஒவ்வொரு பந்தும் பஞ்சாயத்துதான். "ஏலே, அது அவுட்டுலே" என்று இசக்கி இங்கிருந்து கத்துவான், "கண்ணாடி போட்டுட்டு வாங்க சார்" என்று டேனியல் அங்கிருந்து பணிவாகச் சொல்லுவான். நான் ஏறுவேன், இறங்குவேன், ஏறுவேன். சனிக்கிழமை இவன்கள் ஆட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்னால் முழங்கால் போட முடியாது.

ஒரு வருஷம் இறுதி ஆட்டத்துக்கு டேனியல் வந்துவிட்டான். எதிரே அண்ணாச்சி. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் அண்ணாச்சிக்கு ஐந்து கேம், டேனியலுக்கு நான்கு. அண்ணாச்சி சர்வீஸ் போடுகிறார், இன்னும் ஒரு பாயிண்ட் கிடைத்தால் கோப்பை. டேனியல் ஓங்கி ஒன்று அடித்தான், பந்து பின்கோடான பேஸ்லைன் பக்கம் போய் விழுந்தது, அண்ணாச்சி விரல் உயர்ந்தது. நான் அவுட் சொல்லி ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டேன்.

டேனியல் நேராக என் நாற்காலிக்கு வந்தான். "மார்க் பாருங்க டீச்சர்" என்றான். அண்ணாச்சி சொல்லிவிட்டார்கள் என்றேன். "அண்ணாச்சி சொல்லிட்டாங்க, சரி. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டான்.

குரலை உயர்த்தவில்லை. கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் இந்தச் சின்னப் பயல் என்னைக் கேட்கிறான், அதுவும் அண்ணாச்சியைச் சந்தேகப்பட்டு என்று எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. தாளை எடுத்து ஒழுங்குக் குறிப்புக் கட்டத்தில், மூத்த ஆட்டக்காரரிடமும் நடுவரிடமும் மரியாதைக் குறைவு என்று எழுதினேன். இறங்கினது என்ற கட்டத்தில் சைபர் போட்டேன். அதற்குள் பரிசளிப்புக்கு மேஜை போட அந்த இடத்தைப் பெருக்கியும் விட்டார்கள். குறிப்பு விழுந்தவனை மாநிலப் போட்டிக்கு அனுப்பக் கூடாது என்று எங்கள் சங்கத்தில் ஒரு விதி. அந்த வருஷம் டேனியல் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஞானமுத்து சார் வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தினார். "எத்தன தடவ இறங்குன?" என்றார். இறங்கவில்லை சார், அண்ணாச்சி ஆட்டம்தானே என்றேன். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "அண்ணாச்சி ஆட வந்தாரா, அம்பயர் பாக்க வந்தாரா?" என்றார். அவ்வளவுதான். பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் இரண்டு வாரம் அவர் மேல் கடுப்பில் இருந்தேன். ஓய்வு பெற்றும் இந்த மனுஷன் என் தாளை விடமாட்டேன் என்கிறாரே என்று வீட்டில் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன். உண்மையில் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, அதுதான் எரிச்சல்.

அடுத்த வருஷம் ஆடி. காற்று என்றால் அப்படிக் காற்று. சுண்ணாம்புக் கோட்டை மணிக்கு ஒரு தரம் இழுக்க வேண்டியிருந்தது. வேப்பம்பழம் கோர்ட்டு முழுக்க உதிர்ந்துகொண்டே இருந்தது, பெருக்கப் பெருக்க விழுந்தது. அரையிறுதியில் அண்ணாச்சியும் இசக்கியும். மற்ற அரையிறுதியில் டேனியல் முன்னாலேயே ஜெயித்துவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணாச்சியின் விரலைப் பார்க்கக் கூடாது, கோட்டை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு ஏறினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு வருஷப் பழக்கத்தில் கண் தானாகவே விரலுக்குப் போய்ப் போய் வந்தது. அதை இழுத்து இழுத்துக் கோட்டில் வைத்தேன். முதல் செட்டிலேயே உள்ளே விழுந்த ஒரு பந்துக்கு விரல் உயர்ந்தது. எனக்குத்தான் கண் தவறிவிட்டதோ என்று நினைத்து அவுட் சொன்னேன். இரண்டாவது செட்டில் இன்னொன்று. அதற்கும் அவுட்தான் சொன்னேன். வாய் பழகிய வழியிலேயே போனது. எதிரே வேறு யாராவது இருந்திருந்தால் இசக்கி வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். அன்று தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பந்துக்குப் போனான். அண்ணாச்சி கொடுத்த மட்டை அவன் கையில் இருந்தது.

மூன்றாவது செட். அண்ணாச்சிக்கு ஐந்து, இசக்கிக்கு நான்கு. சர்வீஸ் இசக்கியுடையது, ஸ்கோர் முப்பது நாற்பது. ஒரு பாயிண்ட் போனால் இசக்கிக்கு ஆட்டம் முடிந்தது. இரண்டு பேரும் பத்துப் பதினைந்து தடவை அடித்துக்கொண்டார்கள். பிறகு இசக்கி ஒன்றை நீளமாக அடித்தான். அது பேஸ்லைனில் விழுந்ததையும் சுண்ணாம்பு லேசாகப் பறந்ததையும் நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அண்ணாச்சி அதைத் தொடாமல் விட்டுவிட்டு விரலை உயர்த்தினார்.

ஜனங்கள் எழுந்து கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இசக்கி கை கொடுப்பதற்காக நெட்டை நோக்கி நடந்தான். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்கு வெளியிலிருந்து டேனியல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இறங்குங்க டீச்சர்" என்றான்.

இறங்கினேன். கண்ணை எடுக்காமல், காலால் படியைத் தேடித்தேடி இறங்கினேன். கை தட்டல் பாதியில் நின்றது. அண்ணாச்சி ஆட்டத்தில் அம்பயர் இறங்குவதை யாரும் பார்த்ததில்லை. நான் போவதற்குள் அண்ணாச்சி அங்கே வந்து மட்டையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கன டீச்சர்" என்றார். அவர் காட்டியது கோட்டுக்கு ஒரு சாண் வெளியே. அங்கே மார்க் இல்லை. யாரோ மிதித்து நசுங்கிப்போன வேப்பம்பழம் கிடந்தது. நிஜமான மார்க் அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருந்தது, அடியில் ஈரம் தெரிய, பாதி சுண்ணாம்பின் மேல்.

அவர் நிஜமாகவே அதைத்தான் மார்க் என்று நினைத்திருக்கிறார். இவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம், கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். நான் குரலைத் தாழ்த்தி, "அது வேப்பம்பழம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் குனிந்தார். நன்றாகக் குனிந்து, விரலால் அதைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிரவே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமாவே ஒரு மாதிரி மங்கலாத்தான் இருக்கு டீச்சர். நீங்க ஒண்ணும் சொல்லலியா, அதனால நான் சரியாத்தான் பாக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்கு அவரை அங்கேயே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என்னையும் சேர்த்துத்தான். நான் இத்தனை வருஷமாக அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் அந்த இரண்டு வருஷமாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் என்ற சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலிப் பக்கம் திரும்பினேன், டேனியல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலால் மார்க்கை அழித்தேன். திரும்பி நடந்து, நாற்காலியில் ஏறி, பந்து உள்ளே, நாற்பதுக்கு நாற்பது, டியூஸ் என்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டீச்சருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கிளப்புக்காரர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டீச்சர் சொல்வது சரி என்று. சொல்லவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு மேல் அவர் விரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் என்னை அண்ணாந்து பார்த்தார், நான் சொன்னேன். ஐந்துக்கு ஏழு என்று தோற்றார். இசக்கி நெட்டுக்கு வந்து கை கொடுக்காமல் அவர் காலைத் தொட்டான். அவர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

டேனியலிடம், உனக்கென்ன இசக்கி மேல் திடீர் பாசம் என்று கேட்டேன். "பாசமெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். அவன நான்லா ஜெயிக்கணும்" என்றான்.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் அவன் ஜெயிக்கவும் இல்லை. மூன்றரை மணி நேரம் இரண்டு பேரும் என் உயிரை வாங்கினார்கள். இருபத்து மூன்று தடவை இறங்கினேன். ஒரு மார்க்கை மூன்று பேரும் மண்டியிட்டுப் பார்த்தோம், அதன் பிறகும் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இசக்கி ஜெயித்தான். அடுத்த வருஷம் டேனியல். அதற்கடுத்த வருஷம் மறுபடி இசக்கி. மலருக்கு வேண்டிய போட்டி இதுதான், நன்றாக எழுதிக்கொள்ளுங்கள், என் இரண்டு முட்டியும் அதில்தான் போயிற்று.

அண்ணாச்சி கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆலை வேலை அதிகம், அதனால் ஆடவில்லை என்று ஊரில் சொன்னார். ஊர் அதை நம்பவில்லை. டீச்சர் கடைசி நேரத்தில் கவிழ்த்துவிட்டார், அந்த மனவருத்தத்தில்தான் மட்டையை வைத்துவிட்டார் என்றது. இரண்டு வருஷம் எனக்கு இறுதி ஆட்டம் எதுவும் தரவில்லை. அண்ணாச்சியின் கண்ணைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதை அவரல்லவா சொல்ல வேண்டும். இத்தனை வருஷமும் அவர் வாயைத் திறக்க மாட்டாரா என்று நானும் பொருமிக்கொண்டே இருந்துவிட்டேன்.

செயலாளர் போன் செய்த பிறகு அந்தப் பதினைந்து என்ற எண் எனக்குள் உறுத்த ஆரம்பித்தது. பதினைந்தாவது, டேனியலோடு ஆடியது. முதலில் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி நலம் விசாரித்தார், இப்போது பேப்பரில் பொடி எழுத்துகூடத் தெரிகிறது என்றார். மலர் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் கண்ணைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், நான்தான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு அவரே கேட்டார்.

"அந்த டேனியல் பய அடிச்ச பந்து எங்கன விழுந்துச்சு டீச்சர்?"

"தெரியல அண்ணாச்சி. நான் உங்க விரலத்தான் பாத்தேன்."

"அப்ப பதினாலுன்னு போடுங்க" என்றார்.

அடுத்து டேனியலுக்குப் போட்டேன். அவன் இப்போது வேலையில் இருக்கிறான், ஒரு பெண் குழந்தை, இன்னமும் ஆடி மாதம் லீவு போட்டுவிட்டு இசக்கியோடு சண்டைக்கு வந்துவிடுகிறான். அண்ணாச்சி சொன்னதைச் சொல்லி, உனக்கு அந்தக் கோப்பை வேண்டுமா என்று கேட்டேன். சிரித்தான். அந்தப் பாயிண்ட் எனக்கு வந்திருந்தாலும் ஆட்டம் அங்கே முடிந்திருக்காது, யார் ஜெயித்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும், பதினைந்தே இருக்கட்டும் என்றான். "ஆனா மரியாத இல்லாதவன்னு எழுதுனீங்க பாத்தீங்களா, அத எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க டீச்சர். முடிஞ்சா அத மட்டும் அடிச்சிருங்க" என்றான்.

செயலாளரிடம் கேட்டேன். பழைய தாளைத் திருத்த விதி இல்லையாம். மலரில் இந்த மாதிரிச் சங்கடமான விஷயமெல்லாம் வேண்டாமாம். கேமரா வந்த பிறகு இந்தப் பிரச்சினையே வராது டீச்சர் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். கேமரா நல்லதுதான், அதற்கு முட்டி வலி கிடையாது, அண்ணாச்சி என்ற மரியாதையும் கிடையாது. ஆனால் டேனியலின் தாள் அதற்கு முந்தையது. அதில் இருப்பது என் கையெழுத்து.

அதனால் என் இரண்டு பக்கத்தில் நான் எழுதிக் கொடுப்பது இதைத்தான். போட்டால் போடட்டும், போடாவிட்டால் நானே நகலெடுத்துக் கிளப்புச் சுவரில் ஒட்டுவேன். அந்தப் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. டேனியல் மார்க் பார்க்கச் சொன்னான், நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டான். அம்பயரிடம் ஆட்டக்காரன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். மரியாதைக் குறைவு என்று நான் எழுதியது தவறு, அதை அடித்துவிட வேண்டும். அதற்கு மேலே உள்ள கட்டத்தில், இறங்கினது எத்தனை தடவை என்ற இடத்தில், சைபர் போட்டிருப்பேன். அதைத் திருத்த வேண்டாம். அந்தத் தாளில் நான் சரியாக எழுதியது அது ஒன்றுதான்.